பூஜைக்கு வைத்த கடல்

சும்மா இருக்கும்போதுதான் உயிரைக் கொடுத்து வேலை செய்யும் என்று சொல்லி ஒரு மெஷினை யாராவது விற்க வந்தால், என் மாமனார் அவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். பெயர் தாணுமாலையன். பூர்வீகம் சுசீந்திரம், வியாபாரம் கேரளத் தலைநகரில், ஆரியசாலைக் கடைத்தெருவில். மிளகாய் வத்தலும் கொத்தமல்லியும் மொத்தமாக வாங்கி விற்கிறவர். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்காமல் ஒரு பொருளையும் நம்ப மாட்டார். அவருக்கு வாய்த்த மருமகள் நான், கம்ப்யூட்டர் கட்டி விற்கிற சுஜா. வாய் இருவருக்கும் ஒரே நீளம். என் வீட்டுக்காரர் பிரஜின் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். அதனால் நடுவில் நின்று அடி வாங்க ஆள் இல்லாமல் நாங்கள் நேருக்கு நேராகவே மோதிக்கொள்வோம்.

மோதலுக்குக் காரணம் கடையின் முன்னறை. போன விஜயதசமியன்று அதை எனக்குக் கொடுத்தார். "ஒரு வருஷம் பாரு மக்ளே. ஓடினா சரி. ஓடல்லன்னா எனக்கு வத்தல் அடுக்க எடம் வேணும்" என்றார். ஓடியதா என்றால் ஓடியது, நொண்டி நொண்டி. காலேஜ் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு, கோட்டைக்குள் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒன்று. சுற்றிலும் வத்தல் நெடி. வருகிறவர்கள் தும்மி முடித்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். இந்த நவராத்திரி நெருங்க நெருங்க மாமா முன்னறையைக் கண்ணாலேயே அளக்க ஆரம்பித்தார். எந்தச் சுவரில் மூட்டை, எந்த மூலையில் தராசு என்று அவர் மனசுக்குள் ஓடுவது எனக்குத் தெரியாதா? அந்த அறை போனால் என் தொழில் போச்சு. மறுபடியும் எவன் கடையிலாவது பில் அடிக்கிற வேலைக்குப் போகணும். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி அந்தக் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிராபிக்ஸ் டெமோ என்று ஒன்று உண்டு. கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்து எடுப்பதற்கென்றே எழுதப்பட்ட புரோகிராம். பார்க்க சினிமா மாதிரி இருக்கும், ஆனால் எடுத்து வைத்த படம் கிடையாது. ஒவ்வொரு நொடியும் கார்டு உட்கார்ந்து புதிதாக வரைந்துகொண்டே இருக்கும். என்னிடம் இருந்த டெமோவில் புயல் அடிக்கிற ஒரு கடல். கறுத்த பாறைகள், அதில் மோதி உடைகிற அலை, சாய்ந்து பெய்கிற மழை, நடுநடுவே மின்னல். மின்னல் வெட்டினால் ஒவ்வொரு துளியிலும் அது மின்னும். சாதாரணக் கார்டு அந்தத் துளிகளிலேயே நாக்குத் தள்ளிவிடும்.

அதை ஸ்கிரீன்சேவர் ஆக்கியது நான்தான். மவுசையும் கீபோர்டையும் யாரும் தொடாவிட்டால் ஐந்து நிமிஷத்தில் கடல் வரும். தொட்டால் போய்விடும். எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது, கார்டு எவ்வளவு சுட்டிருக்கிறது என்ற இரண்டு கணக்கும் திரையின் மூலையில் தெரியும்படி செய்திருந்தேன். ஒரு தடவை நின்றால் நேரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நான் கட்டுகிற எந்த மெஷினும் இந்தக் கடலைத் தாங்காமல் என் வாசலைத் தாண்டாது. "ஸ்கிரீனக் காப்பாத்தத்தான் ஸ்கிரீன்சேவர். நீங்க மெஷினையே கொல்லுறீங்களே" என்று பார்ட்ஸ் சப்ளை பண்ணுகிற வினீத் ஒருநாள் பரிதாபப்பட்டான். சாகிற மெஷின் என் கண் முன்னால் சாகட்டும், வாங்கினவர் வீட்டில் போய்ச் சாக வேண்டாம் என்றேன்.

கடலைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்ஷா கடைக்குள் வந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் டெக்னிகல் ஹெட். முன்பு வாங்கிய மெஷின்கள் வேலையின் நடுவில் உறைந்து உறைந்து அவளை வெறுப்பேற்றியிருந்தன. மூன்று தடவை தும்மினாள், கடலையே வெகுநேரம் பார்த்தாள், பிறகு இருபது மெஷின் வேண்டும் என்றாள். என் வருஷம் முழுதும் விற்றதையெல்லாம் கூட்டினாலும் இருபது வராது. நான் முகத்தை சாதாரணமாக வைத்துக்கொள்ள மிகவும் கஷ்டப்பட்டேன்.

"சேச்சி, பேப்பர்ல எழுதித் தர்றதொண்ணும் எனிக்கு வேண்டா. ஓடிக் காணிச்சா மதி, அது போதும்" என்றாள். சென்னையில் சில வருஷம் இருந்த தமிழ், அதில் பாதி மலையாளம். "ஒரு மெஷின் கட்டுங்க. துர்க்காஷ்டமி சாயங்காலம் இந்த ஸ்கிரீன்சேவர் ஸ்டார்ட் ஆகணும். விஜயதசமி காலைல ஞான் வந்து பாக்கும்போ அது நிக்காம ஓடிட்டிருக்கணும். வேற ஒரு கடைக்கும் இதே டெஸ்ட் கொடுத்திருக்கேன். எது ஓடுதோ அதுக்கு ஆர்டர்."

லீவு நாட்கள் என்பதால் யாரும் மெஷினைத் தொட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். பாவம், பூஜை வைக்கிற வீட்டில் இந்த மூன்று நாளும் என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்கு என்ன தெரியும்?

அஷ்டமியன்று சாயங்காலம் புத்தகமும் தொழில் சாமானும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை அவற்றை யாரும் தொடக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தொழில் செய்யக் கூடாது. இந்த ஊரில் எல்லோரும் வைப்பதுதான், ஆனால் எங்கள் மாமா வைப்பது தனி. தராசு, படி, பில் மெஷின், சாக்குத் தைக்கிற ஊசி, பின்கட்டில் இருக்கிற ஜெனரேட்டர் என்று ஒன்றை விட மாட்டார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அப்படியிருக்க என் மெஷினை மட்டும் ஒளித்து வைக்க முடியுமா? உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு வராது. சரஸ்வதி முன்னால் வைக்காத மெஷினை ஒருவர் கையில் எப்படிக் கொடுப்பது? நானும் நாகர்கோவில்காரிதான்.

ஆக, முன்னறையில் சரஸ்வதி படத்துக்கு வலதுபக்கம் ஒரு மேசை போட்டு மெஷினையும் பெரிய மானிட்டரையும் வைத்தேன். சந்தனம் தொட்டேன். மாமா வந்து நின்றார்.

"ஓஃபாக்கு மக்ளே."

"ஓடட்டும் மாமா."

"பூஜைக்கு வச்ச சாமான் வேலை செய்யப்பிடாது. ஒனக்கு நான் சொல்லித் தரணுமா?"

"இது வேலை செய்யப் போறதில்ல மாமா. ஆரும் தொடாம இருந்தா மட்டும் வாற ஸ்கிரீன்சேவர் இது. தொட்டா போயிரும்."

அவர் நம்பாமல் நின்றார். அதற்குள் என் மாமியார் கோமதியம்மாள் தீபாராதனைத் தட்டோடு வந்துவிட, பேச்சு நின்றது. மணி அடித்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே திரையில் கடல் எழுந்தது. அலை பாறையில் விழுந்த வெளிச்சம் சரஸ்வதி படத்துக் கண்ணாடியில் தெரிந்தது. கேபினட்டுக்குள் அத்தனை ஃபேனும் ஒன்றாகச் சுழல ஆரம்பித்தன.

மாமா கண்ணைத் திறந்தார். "சும்மா இருக்குன்னு சொன்னியே. பின்ன எதுக்கு இப்பிடி மூச்சு வாங்குது?"

எனக்கு முன்னால் அத்தை பதில் சொல்லிவிட்டாள். அது என் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற விஷயம் அல்ல.

"வெளக்கும்தான் மூணு நாளும் எரியுது. பூஜைக்கு வச்சாச்சுன்னு அத அணைச்சா போட்டிருக்கீங்க?"

"வெளக்கும் இதும் ஒண்ணா கோமதி?"

"தொடப்பிடாது, அம்புட்டுதானே சட்டம்? தொட்டா நின்னு போவும்னு அவளே சொல்லுகா. இதவிட பூஜைக்குப் பொருத்தமான சாமான் ஒங்க கடையில வேற என்ன உண்டு?" தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "பிரஜின் இப்பிடிக் கடல்லதான் கெடப்பான். என்னா அலை."

மாமா யோசித்தார். வியாபாரி. தோற்றாலும் பேரத்தில் ஒன்றைப் பிடுங்காமல் விட மாட்டார். "சரி, ஓடட்டும். ஆனா பூஜை எடுக்கும்வரை ஆரும் அதுல கை வைக்கப்பிடாது. நீயும்தான். நடுவுல நின்னு போச்சுன்னா போனதுதான், திரும்ப ஓட்டப்பிடாது. நின்னுதோ, அன்னைக்கே முன்னறை வத்தலுக்கு."

"நிக்காது" என்றேன். என் வாய்க்கு யாராவது பூட்டுப் போட்டால் தேவலை.

அடுத்த நிமிஷமே அத்தை பாசத்தில் ஒரு காரியம் செய்தாள். தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூ மாலையில் பெரியது ஒன்று மீதி இருந்தது. தன் மகனுடைய கடலைக் காட்டுகிற மெஷின் அல்லவா? அதன் தலையில் பொத்தென்று சாத்திவிட்டாள். கேபினட்டின் தலையில்தான் சூட்டுக்காற்று வெளியேறுகிற வலை இருக்கிறது. ஈரப்பூ வலையை முழுக்க அடைத்துவிட்டது.

நான் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். ஏறியது. ஃபேன்கள் ஊளையிட்டன. பிச்சிப்பூ வாசனை சூட்டில் அவிந்து அறை முழுக்கப் பரவியது. இன்னும் சற்றுநேரம் போனால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷினையே அணைத்துவிடும். மாலையை எடுக்கலாம் என்றால், கை வைக்கப்பிடாது என்று சொன்ன வாய் இன்னும் மூடவில்லை. மாமா எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, சாமிக்குச் சாத்தின பூ எனக்குத் தலையில வைக்கத் தருவீங்களா?" என்றேன்.

அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கல்யாணமான நாள்முதல் தலையில் பூ வை என்று அவள் சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை, நான் வைத்த வெள்ளிக்கிழமையும் இல்லை. படத்திலிருந்து ஒரு துண்டு கிள்ளப் போனாள்.

"அதில்ல. இது." மெஷினின் தலையைக் காட்டினேன்.

"முழுசுமா?"

"முழுசும் அத்தை."

கோமதியம்மாள் திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கேபினட்டின் மேல் உள்ளங்கையைக் கொண்டுபோய்க் காற்றில் நிறுத்திப் பார்த்தாள். கையில் பட்ட சூட்டிலேயே விஷயம் புரிந்துவிட்டது. விரல் மெஷினில் படாமல் மாலையை அலுங்காமல் தூக்கி என் தலையில் சுற்றிவிட்டாள். பிரசாதப் பூ. மாமாவின் சட்டமும் உடையவில்லை. அன்று இரவு முழுக்க உற்சவ யானை மாதிரிதான் நான் நடமாடினேன். எண் இறங்கிவிட்டது, அது போதும்.

மறுநாள் நவமி. வேளிமலை முருகன் நவராத்திரிக்கு எழுந்தருளி இருப்பது எங்கள் ஆரியசாலை அம்மன் கோவிலில்தான். தெரு நிறைய ஜனம், கடைகள் எல்லாம் அடைப்பு. மாமாவுக்கு அன்றைக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது. கணக்குப் பார்க்கக் கூடாது. பேப்பர் படிக்கக் கூடாது. மொபைலில் விலைநிலவரம் பார்ப்பதும் படிப்பதுதான் என்று அத்தை அதையும் வாங்கிப் பூஜையில் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையிலேயே சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். முன்னறைக்கும் பின்கட்டுக்கும் நடந்து பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கடல் முன்னால் உட்கார்ந்தார்.

முதலில் குறை சொன்னார். "ஒரே அலைதானே திரும்பத் திரும்ப வருது."

"ஒரு அலை வந்த மாதிரி இன்னொண்ணு வராது. நல்லாப் பாருங்க."

பார்த்தார். பந்தயம் மாதிரி பார்த்தார். பாறையின் இடதுபக்கம் நீர் வழிவதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த அலைக்குக் காத்திருந்தார். அது வேறு மாதிரி வழிந்தது. அதற்கடுத்தது இன்னொரு மாதிரி. அரைமணி கழித்து, "எளவு, ஒண்ணுபோல ஒண்ணு இல்ல" என்று தனக்குத்தானே சொன்னார். இது யாரும் பார்க்கவில்லை என்றாலும் இப்படியேதான் வரைந்துகொண்டிருக்குமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஆரும் பாக்காதப்பமும் சரக்கில கள்ளத்தனம் இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு எந்த மூட்டைக்கும் கிடைத்ததில்லை.

கோவிலுக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். படிக்க எழுத விலக்கப்பட்ட வியாபாரிகள் தெரு முழுக்க இருந்தார்கள் அல்லவா, ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். வெல்லக்கடைக்காரர், பெருங்காயக்காரர், எல்லோருக்கும் அத்தை சுண்டல் கொடுத்தாள். மாமா விளக்கம் கொடுத்தார். "வீடியோன்னு நெனைக்காதீரும். ஒவ்வொரு துளியும் இப்பம், நம்ம கண்ணு முன்னால வரையிது, கேட்டீரா. மத்த கடையில உள்ள மெஷின்னா இதுக்குள்ள பொகைஞ்சு போயிருக்கும்." நான் ஒரு வருஷமாக வாடிக்கையாளர்களிடம் தொண்டை வற்றச் சொன்னதை அவர் தன் சொந்தச் சரக்கு மாதிரி விற்றுக்கொண்டிருந்தார். மவுசுப் பக்கம் யாராவது கை நீட்டினால், "தொடப்பிடாது, பூஜை" என்று ஒரு அதட்டல்.

மதியம் தாண்டி வானம் இருட்டியது. திரையில் அடித்த புயலுக்கும் வெளியே அடித்த இடிக்கும் வித்தியாசம் தெரியாமல் பெருங்காயக்காரர் இரண்டு தடவை ஏமாந்தார். மூன்றாவது இடிக்கு கரண்ட் போய்விட்டது.

அறை இருண்டது. கடல் மட்டும் ஓடியது. மேசைக்குக் கீழே யுபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. அதற்கு நான் சந்தனம் தொடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பூஜைக்கு வெளியே வைத்திருந்தேன். ஆனால் இந்தக் கடலின் பசிக்கு அந்த பேட்டரி சில நிமிஷம்தான் தாங்கும்.

"ஜெனரேட்டர்" என்றேன். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அதன் நெற்றியில் மாமாவே தன் கையால் குங்குமம் வைத்திருந்தார்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது: ஒரு சுவிட்ச் மாமா, ஒரே ஒரு சுவிட்ச், சரஸ்வதி கோவித்துக்கொள்ள மாட்டாள். சொல்லவில்லை. நான் கேட்டு அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு அவராலேயே அதை மாற்ற முடியாது. அது எனக்குத் தெரியும். கீச் கீச் சத்தம் நெருக்கமானது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னறையின் நான்கு சுவரையும் மூட்டைகளாகவே பார்த்தேன்.

மாமா எழுந்தார். பின்கட்டுக்குப் போகவில்லை. மழையில் வாசலுக்கு இறங்கினார்.

எதிரில் தாசையனின் கடை. பந்தலுக்கும் மேடைக்கும் லைட், சவுண்ட் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய பெரிய ஜெனரேட்டர் எங்கள் வாசலைப் பார்த்துத்தான் நிற்கும், அதன் புகை எங்கள் வத்தலில்தான் படியும். அதைச் சொல்லி மாமா அவரோடு சண்டை போட்டு, இருவரும் முகம் பார்த்துப் பேசி வெகுகாலம் ஆகிறது. தாசையன் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் ஜெனரேட்டருக்குப் பூஜையும் இல்லை, விலக்கும் இல்லை. இந்த எண்ணம் எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்தான்.

"தாசையா" என்று கூப்பிட்டார் மாமா. தெருவே திரும்பிப் பார்த்தது. "ஒனக்க ஜெனரேட்டர ஒண்ணு ஸ்டார்ட் பண்ணுடே. எனக்க மருமவளுக்க மெஷின் நிக்கப்பிடாது."

தாசையன் வாசலில் வந்து நின்றார். "பொகை வருமே அண்ணாச்சி."

"வரட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. தாசையன் கயிற்றை இழுத்தார், ஜெனரேட்டர் உறுமியது. மேடைக்குப் போடுகிற தடித்த வயரை அவர் தெருவுக்குக் குறுக்கே வீச, வெல்லக்கடைக்காரர் குடையைப் போட்டுவிட்டு அதைப் பிடித்து இழுத்து வந்தார். நான் மேசைக்கு அடியில் நுழைந்து யுபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி அந்த வயரில் செருகினேன். கீச் சத்தம் நின்றது. தலையை நீட்டிப் பார்த்தேன். ஒரு அலை எழும்பிக்கொண்டிருந்தது, அது பாதியில் நிற்காமல் பாறையில் போய் விழுந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். நனைந்த வேட்டியோடு மாமா ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி, "எங்க விட்டேன்?" என்று பெருங்காயக்காரரிடம் விளக்கத்தைத் தொடர்ந்தார். தாசையனுக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார்.

விஜயதசமி காலையில் ஆர்ஷா நேரத்தோடு வந்துவிட்டாள். பூஜை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. நேராக மெஷினிடம் போய் மவுசுக்குக் கை நீட்டினாள். நான் வாய் திறப்பதற்குள் மாமா குறுக்கே வந்து நின்று தன் மலையாளத்தை எடுத்துவிட்டார்.

"மோளே, தொடல்லே. பூஜை இன்னும் எடுத்திட்டில்ல."

ஆர்ஷா கையை இழுத்துக்கொண்டாள். "ஞான் கஸ்டமர் ஆணு அங்கிள்."

"ஆரானாலும் செரி. அஷ்டமி தொட்டு இதுல ஒரு விரலும் பட்டிட்டில்ல. மூலைல நோக்கு, அதில் உண்டு எல்லாம். தொட்டுப் பாக்கணும்னா இரி, பூஜை கழியட்டே."

ஆர்ஷா மூலையைப் பார்த்தாள். ஓடிய நேரத்தைப் படித்தாள், அஷ்டமி சாயங்காலத்திலிருந்து விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். சூட்டைப் படித்தாள். தும்மினாள். வத்தல் தூசி பறக்கிற இந்த அறையிலேயா ஓடியது என்று என்னிடம் கேட்டாள்.

"இதே அறையிலதான். தூசிக்கு உள்ள வலை போட்டிருக்கேன்" என்றேன். "ஒங்க ஏசி ரூம் இதுக்கு சுகவாசம்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு மற்றக் கடையின் கதையைச் சொன்னாள். அவர்களும் பூஜைக்குத்தான் வைத்திருந்தார்களாம். நவமியன்று அந்த வீட்டுப் பெரியவர் எல்லா சாமானுக்கும் இரண்டாம் தடவை குங்குமம் தொட்டுக்கொண்டே வந்தவர், மவுசுக்கும் பக்தியாக ஒரு பொட்டு வைத்தாராம். கடல் போய்விட்டது. மெஷின்மேல் தப்பில்லை, இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று காலையில் போன் செய்து கெஞ்சினார்களாம். "அவங்களுக்கும் இங்க மாதிரி ஒரு அங்கிள் இருந்திருக்கணும்" என்றாள். மாமா அதைக் கேட்காத மாதிரி விளக்கின் திரியைத் தூண்டினார். காது மட்டும் சிவந்துபோயிற்று.

தீபாராதனை முடிந்தது. முதல் எழுத்து எழுத அத்தை பச்சரிசித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லோருக்கும் முன்னால் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மெஷின மொதல்ல நீ தொடு மக்ளே."

தொட்டேன். கடல் மறைந்தது. கணக்கு அப்படியே திரையில் நின்றது. இரண்டு இரவும் ஒரு பகலும் ஒரு கரண்ட் கட்டும் தாண்டி ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடிய மெஷின். ஆர்ஷா உட்கார்ந்து, திறக்க வேண்டியதையெல்லாம் திறந்து பார்த்தாள். கனமான ஒரு காட்சியைக் கொடுத்து வரையச் சொன்னாள், அப்போதுதான் தூங்கி எழுந்தது மாதிரி அது வரைந்து கொடுத்தது. எழுந்தபோது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இருபதும் சேச்சி தன்னே கட்டணும். எல்லாம் இந்தக் கடல்ல ஓடிட்டுத்தான் எனிக்கு வரணும்."

"ஓடாத ஒண்ணும் வராது" என்றேன். அழுதேன். வத்தல் நெடி என்று சொல்லிச் சமாளிக்கிற ஆள் நான் இல்லை. சந்தோஷத்தில் அழுதேன், எல்லோரும் பார்க்கவே அழுதேன்.

ஆர்ஷா போனதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாமா பக்கம் திரும்பினேன். வார்த்தைகளை இரண்டு நாளாகவே தயார் செய்து வைத்திருந்தேன், சண்டைக்கு. "மாமா, முன்னறை..."

"முன்னறை மட்டும் எப்பிடிக் காணும்? எடம் பத்தாது" என்றார் அவர். "இருபது மெஷினையும் நெரத்தி வச்சு ஓட்டாண்டாமா? ஒரு கூறும் இல்லாம ஆர்டர் எடுத்து வச்சிருக்கா."

எனக்கு அவர் சொல்வது உடனே ஏறவில்லை. பூஜை எடுத்தவுடன் அவரவர் தொழிலில் முதல் வேலை ஒன்றைச் செய்வார்கள். அன்று எதைத் தொடங்குகிறோமோ அதுதான் வருஷம் முழுக்க நடக்கும் என்று கணக்கு. வருஷா வருஷம் மாமா அன்றைக்குச் செய்கிற முதல் வேலை, ஒரு மூட்டை வத்தலை உள்ளே ஏற்றி வைப்பது. லோடு ஏற ஏறத்தான் வியாபாரம் என்பார்.

வேட்டியை மடித்துக் கட்டினார். மூட்டை இழுக்கிற கொக்கியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முன்னறையை அடுத்த நடு அறைக்குள் போனார். சுவரோரம் அடுக்கி வைத்திருந்த வத்தல் மூட்டைகளில் முன்னால் இருந்ததில் கொக்கியை மாட்டி, தரதரவென்று வெளியே வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"தள்ளி நில்லு மக்ளே" என்றார். "இன்னும் கெடக்கு."